கல்லாப்பெட்டியும் தபால்பெட்டியும்: கிதார் வாங்கிய கதை

கிதாரைக் கடைக்குப் போய் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா என்ற கேள்வி நம் காலத்திற்கே உரியது என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய இசைக்கருவிக் கடையொன்று மூடப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஓர் இரங்கல் கட்டுரை எழுதப்படுகிறது. அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் இணையம்தான். ஆனால் அமெரிக்காவில் இந்த வழக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே குற்றச்சாட்டு தபாலின் மீது சுமத்தப்பட்டது. ஊர்க் கடைகள் அழிந்துபோகும் என்று அஞ்சிய சிற்றூர் வணிகர்கள், தபாலில் வந்த விலைப்பட்டியல் புத்தகங்களைத் திரட்டி நடுவீதியில் கொளுத்தியதுண்டு.

அந்தப் பழைய வழக்கின் ஆவணங்களைப் புரட்டினால், கடையின் பக்கம் எல்லா நியாயமும் இருந்ததாகத் தோன்றவில்லை. தபாலின் பக்கமும் அப்படியே. கடை யாரை உள்ளே விட்டது, யாரை வாசலில் காக்கவைத்தது, உள்ளே போனவர் எதைப் பெற்றுத் திரும்பினார் என்றெல்லாம் கேட்காமல் எழுதப்படும் இரங்கல் பாதி வரலாறாகவே நிற்கும். மீதிப் பாதியைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்தில் கிதாரைச் செய்பவரும் விற்பவரும் ஒருவரே. ஜெர்மானிய நிலத்தின் மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊரில் வயலின் செய்வோரின் சங்கம், கிதார் செய்யும் உரிமை மரச்சாமான் தச்சர்களுக்குக் கிடையாது என்று நெடுங்காலம் வழக்காடிக்கொண்டிருந்தது. தச்சர் மரபில் வந்த கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் மார்ட்டின் இந்தச் சச்சரவைப் பின்னால் விட்டுவிட்டு 1833இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஹட்சன் தெருவின் 196ஆம் எண் கட்டடத்தில் ஒரு கடை வைத்தார். பின்னால் பட்டறை, முன்னால் கல்லா. கிதாரோடு பிற இசைக்கருவிகளும் தந்திகளும் இசைக்குறிப்புத் தாள்களும் அங்கே விற்கப்பட்டன. வாங்க வந்தவர் செய்தவரின் முகத்தைப் பார்த்தே பேரம் பேசினார். சில ஆண்டுகளில் மார்ட்டின் பென்சில்வேனியாவின் நாசரேத் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்ததும் பட்டறைக்கும் கல்லாவுக்கும் இடையே முதல் இடைவெளி விழுந்தது. கிதார் வணிகத்தின் பிற்கால வரலாறு முழுவதையும் அந்த இடைவெளி அகன்றுகொண்டே போன கதையாக வாசிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கிதார் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வீடுகளின் வரவேற்பறைக் கருவியாகவே இருந்தது. அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது தபால். ஆரன் மாண்ட்கோமரி வார்ட் 1872இல் சிகாகோவிலிருந்து ஒற்றைத் தாளில் ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டு உழவர்களுக்கு அனுப்பினார். சியர்ஸ், ரோபக் நிறுவனம் 1890களில் அதே வழியில் இறங்கி, விரைவிலேயே அவரை மிஞ்சியது. கைக்கடிகாரத்திலிருந்து கலப்பைவரை எல்லாமும் இருந்த அந்தத் தடித்த புத்தகத்தில் பிடில், பாஞ்சோ, மாண்டலின், கிதார் ஆகியவற்றுக்கும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. 1896இல் கிராமத்து வீடுகளுக்கே கடிதம் கொண்டுவந்து தரும் இலவசத் தபால் சேவை தொடங்கியது. 1913 ஜனவரி 1 அன்று அமெரிக்க அரசின் பார்சல் தபால் தொடங்கியபோது அஞ்சல்வழி வணிகம் மேலும் பெருகியது. சியர்ஸின் 1908ஆம் ஆண்டுப் பட்டியலில் எஃகுத் தந்தி பூட்டத்தக்க ஒரு கிதாரின் விலை 1.89 டாலர். பியானோவின் பெயரைச் சொல்லவே தயங்கும் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய விலை இது. பாட்டுக்குப் பின்னணியாகச் சுரங்கூட்டி வாசிக்கக்கூடிய கருவியொன்று மலிவாகக் கிடைத்தது.

விலை குறைந்தது மட்டுமே இதன் பொருளன்று. அந்தக் காலத்துத் தென்மாநிலக் கடை எப்படிப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பருத்திப் பண்ணைகளில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பின மக்கள் பண்ணைக் கடையிலேயே கடனுக்குப் பொருள் வாங்கினார்கள். கணக்குப் புத்தகம் கடைக்காரரின் கையில். விலையை அவரே எழுதுவார், வட்டியையும் அவரே எழுதுவார். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடன்தான். வெள்ளையர் கடைக்குள் வந்துவிட்டால், முன்னரே வந்து நிற்கும் கறுப்பினத்தவர் ஒதுங்கி நிற்க வேண்டும். எது விற்கலாம், எது விற்கக்கூடாது என்ற முடிவும் கல்லாவுக்குப் பின்னால் இருந்தவருடையது. ‘உள்ளூர்க் கடை’ என்ற சொல் இன்று நம் காதில் எழுப்பும் கனிவை அவர்கள் காதில் எழுப்பியிருக்காது.

விலைப்பட்டியலோடு வந்த படிவம் பெயரையும் முகவரியையும் பொருளின் எண்ணையும் கேட்டது, பணத்தைக் கேட்டது. தோலின் நிறத்தைக் கேட்கவில்லை. சியர்ஸின் இந்தப் பக்கத்தை வரலாற்றாய்வாளர் லூயி ஹைமன் 2018இல் விரிவாக எடுத்துச்சொன்னபோது பலருக்கும் வியப்பாக இருந்தது. சிற்றூர்களில் தபால் நிலையம் பலசரக்குக் கடைக்குள்ளேயே இருந்தது. கறுப்பின வாடிக்கையாளர்களுக்குத் தபால்தலையோ பண அஞ்சலோ தர மறுத்த கடைக்காரர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கடிதத்தையும் பணத்தையும் நேரே தபால்காரர் கையில் கொடுத்துவிடுமாறு சியர்ஸ் வழிகாட்டியது. எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. சியர்ஸும் ரோபக்கும் கறுப்பினத்தவர் என்றொரு வதந்தியைப் பரப்பினார்கள். வெள்ளை உழவர்கள் அருவருத்து விலகுவார்கள் என்ற கணக்கு. நிறுவனத்தின் நோக்கம் வணிகம்தான். ஆனால் ஒருவருடைய லாபக்கணக்கு இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதும் வரலாற்றில் நடக்கிறது.

அந்தக் கதவின் வழியாகப் போனவர்களில் ஒருவர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஸ்டோவால் பண்ணையில் பாட்டியிடம் வளர்ந்தவர். பின்னாளில் உலகம் அவரை மடி வாட்டர்ஸ் என்று அறிந்தது. பதினேழாம் வயதில் வீட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குதிரையை விற்றதாகவும், கிடைத்த 15 டாலரில் பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தன் பங்கிலிருந்து சுமார் இரண்டரை டாலருக்கு ஸ்டெல்லா கிதார் ஒன்று வாங்கியதாகவும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அத்தகைய கிதார்களைச் சிகாகோவிலிருந்த சியர்ஸிடமிருந்து வரவழைப்பது அந்தப் பக்கத்து மக்களின் வழக்கம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பத்தின் கடைசிக் குதிரையும் ஒரு மலிவுக் கிதாரும் ஒரே கணக்கில் வந்துவிடுகிற காலம் அது. 1943இல் மார்கன்ஃபீல்ட் சிகாகோவுக்கே குடிபோனார். மின்கிதாரால் அந்த நகரத்து ப்ளூஸ் இசையின் உருவத்தையே மாற்றினார்.

அதே மிசிசிப்பியின் இன்னொரு மூலையில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1946 ஜனவரியில் டூப்பிலோ நகரத்து இரும்புச் சாமான் கடையொன்றுக்கு ஓர் ஏழைத் தாய் தன் 11 வயது மகனை அழைத்துவந்தார். பையனுக்கு வேட்டைத் துப்பாக்கி வேண்டும். தாய்க்கு அது பிடிக்கவில்லை. கடை ஊழியர் ஃபாரஸ்ட் போபோ கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கிதாரை எடுத்துக் கொடுத்து, ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்காரவைத்துச் சிறுவனை வாசித்துப் பார்க்கச் சொன்னார். விலை 7.75 டாலர், மேலே 2 சதவீத விற்பனை வரி. பையனிடம் இருந்த பணம் போதவில்லை. கிதார் என்றால் மீதியைத் தான் தருவதாகத் தாய் சொன்னார். அந்தச் சிறுவன் எல்விஸ் பிரெஸ்லி. போபோ பிற்காலத்தில் இதைக் கடிதமாக எழுதிவைத்தார்.

கடை என்ற அமைப்பின் மேன்மை முழுவதும் அந்த மரப்பெட்டியில் இருக்கிறது. வாங்குவானா மாட்டானா என்று தெரியாத ஒரு சிறுவனுக்கு உட்கார இடம் கொடுத்து, கருவியைக் கையில் கொடுத்து, சற்று நேரம் தனியே விடுவது. எந்த விலைப்பட்டியலும் இதைச் செய்ததில்லை. ஆனால் அந்த நாளில் தென்மாநிலக் கடைகளில் கறுப்பினச் சிறுவனொருவனுக்கு இப்படியோர் உபசரிப்பு கிடைப்பது அரிது. தபாலின் தேவை பிறந்தது அங்கேதான். மரப்பெட்டி கிடைத்தவனுக்குக் கடை இனிக்கும். கிடைக்காதவனுக்குப் படிவமே போதும்.

தபாலில் வந்த கிதார்களைப் பற்றி அதிகம் மிகைப்படுத்தவும் வேண்டாம். அவை பெரும்பாலும் பிர்ச் போன்ற மலிவான மரத்தில், ஆயிரக்கணக்கில், அவசரமாகச் செய்யப்பட்டவை. சியர்ஸ் 1916இல் சிகாகோவின் ஹார்மனி தொழிற்சாலையையே விலைக்கு வாங்கி, 1940வரை வைத்திருந்தது. அதன்பிறகும் ஹார்மனியின் கருவிகள் சியர்ஸின் ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. 1962இல் நேத்தன் டேனியலின் டேனலெக்ட்ரோ நிறுவனம் சியர்ஸுக்காக ஒரு வேடிக்கையான கருவியைச் செய்தது. அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையில் செய்த மின்கிதார். அதை வைத்து எடுத்துச்செல்லும் பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கி. விலை 67.95 டாலர். பெட்டியைத் திறந்து மின்சாரத்தில் செருகினால் போதும், வேறொன்றும் வாங்க வேண்டாம். தந்திகள் விரலை அறுக்கும், சுருதி ஓரிடத்தில் நிற்காது. சரிசெய்து தர அருகில் ஆளும் இல்லை. ஒரு தலைமுறை அமெரிக்கச் சிறுவர்கள் இந்தக் குறைகளோடு மல்லுக்கட்டியே வாசிக்கக் கற்றார்கள். எத்தனை பேர் மல்லுக்கட்ட முடியாமல் கிதாரைப் பரணில் போட்டார்கள் என்பதை எந்த வரலாறும் எழுதிவைக்கவில்லை.

குறை எங்கே என்று காட்டித்தர ஓர் ஆள் இருப்பதுதான் கடையின் அடிப்படைப் பயன். இந்தப் பயன் வாங்குபவரோடு நின்றுவிடவில்லை, கருவியைச் செய்பவர்வரை போனது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1938இல் தொடங்கியது ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடை. உள்ளூர் இசைக்குழுவினர் தங்கள் ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். எது அடிக்கடி பழுதாகிறது, மேடையில் எது கேட்கவில்லை, எது இரைகிறது என்று புலம்பினார்கள். ஃபெண்டர் கிதார் வாசிக்கத் தெரிந்தவரல்லர். கேட்கத் தெரிந்தவர். 1950களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டரும் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வந்தது அந்தப் புலம்பல்களைக் கேட்டு வளர்ந்த கையிலிருந்துதான். கழுத்தைத் திருகாணிகளால் பூட்டினால் பழுதானதைக் கழற்றி மாற்றலாம் என்பது பழுதுபார்ப்பவனின் சிந்தனை.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதுவே நடந்தது. லண்டனின் மேற்குப் புறநகரான ஹேன்வெல்லில் 1960இல் ஜிம் மார்ஷல் திறந்தது தாள வாத்தியக் கடை. அங்கே வந்துபோன பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற இளைஞர்கள், தங்களுக்கு வேண்டிய ஒலிபெருக்கி எங்கும் கிடைக்கவில்லை என்று கடைக்காரரிடம் முறையிட்டார்கள். அமெரிக்கப் பொருள்களுக்கு இறக்குமதிச் செலவு கூடுதல். மார்ஷலும் கடையின் பழுதுபார்ப்பாளர் கென் பிரானும் இளம் மின்னணுத் தொழில்நுட்பர் டட்லி கிரேவனும் ஃபெண்டரின் ஒரு கருவியை முன்மாதிரியாக வைத்து 1962 வாக்கில் தங்கள் முதல் ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். அறுபதுகளின் பிற்பாதியில் ராக் இசை பெற்ற அந்த முரட்டு ஒலிக்கு அடித்தளம் ஒரு கல்லாவின் முன் நடந்த உரையாடல்கள். இணைய அங்காடியில் வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரமோ இரண்டோ போட்டுவிட்டுப் போகிறார். அதைப் படிக்கும் தொழிற்சாலையும் ஏதோ கற்றுக்கொள்ளும். ஆனால் ‘எப்படி இருக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டு’ என்று நட்சத்திரத்திடம் கேட்க முடியாது.

இத்தகைய கடைகளின் தலைநகரம் நியூயார்க்கின் 48ஆம் தெரு. மேனி கோல்ட்ரிச் 1935இல் அங்கே தொடங்கிய ‘மேனிஸ்’ கடையின் சுவர்கள் வாடிக்கையாளர்களின் கையெழுத்திட்ட படங்களால் நிறைந்திருந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அங்கேதான் கிதார்கள் வாங்கினார். பிற்பாடு அந்தத் தெருவின் பெரும்புள்ளியாக வளர்ந்த சாம் ஆஷ் குடும்பம் 1924இல் புரூக்ளினில் தொடங்கியபோது, முன்பணத்துக்காக மனைவி ரோஸின் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகுவைத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் கதை. பக்கத்துக்குப் பக்கம் கடைகள். ஒரு கடையில் விலை கேட்டு, அடுத்த கடையில் குறைத்துக் கேட்கலாம். கூட வாசிக்க ஆள் தேடும் துண்டுச்சீட்டுகளும் அத்தகைய கடைகளின் சுவர்களில்தான் ஒட்டப்பட்டன. ஆனால் எல்லோரும் அங்கே சமமாக வரவேற்கப்படவில்லை. கற்றுக்குட்டியை ஏளனமாகப் பார்க்கும் விற்பனையாளர் கிதார் உலகின் பழகிப்போன நகைச்சுவைப் பாத்திரம். ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ என்ற 1992ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், எல்லோரும் வாசித்துப் பார்க்கும் புகழ்பெற்ற பாடலொன்றை இங்கே வாசிக்கக்கூடாது என்று கடையில் பலகையே தொங்கும். திரையரங்கு சிரித்தது. அந்தப் பார்வைக்குப் பயந்து கடைக்குள் போகாதவர்கள் சிரித்தார்களா என்பது வேறு.

இனி இணையத்துக்கு வருவோம். கிதார் மரத்தால் ஆனது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு கிப்சன் லெஸ் பால்களின் எடையில் அரைக் கிலோவுக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கலாம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைந்தால் மரம் சுருங்கும், கூடினால் உப்பும். கழுத்தினுள் ஓடும் எஃகுத் தண்டைச் சற்றே திருகினால் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட உயரம் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பாதி அளவு வித்தியாசம் போதும், இனிமையான கிதார் விரலுக்கு எதிரியாக மாற. இப்படிப்பட்ட பொருளைப் பார்க்காமல் வாங்குவது துணிச்சல்தான். அந்தத் துணிச்சலை எளிதாக்கியது இணையம் மட்டுமன்று, தொழிற்சாலையும்கூட. 1990 வாக்கிலிருந்து டெய்லர் போன்ற நிறுவனங்கள் கணினி கட்டுப்படுத்தும் வெட்டு இயந்திரங்களைக் கொண்டுவந்தன. கழுத்தும் உடலும் துல்லியமாக ஒன்றுபோல் வெட்டப்பட்டன. பெட்டிக்குள் இருக்கும் கிதார் படத்தில் இருப்பதைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கை அதன் பிறகே வலுப்பட்டது.

தபால்வழி வணிகத்துக்குச் சட்டமும் துணைநின்றது. 1967ஆம் ஆண்டு ‘பெல்லாஸ் ஹெஸ்’ வழக்கிலும் 1992ஆம் ஆண்டு ‘க்வில்’ வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதியை நிலைநாட்டியது: ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ பணியாளரோ இல்லாத விற்பனையாளர், அந்த மாநிலத்துக்காக விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை. முதல் வழக்கு விலைப்பட்டியல் நிறுவனங்களைப் பற்றியது. பலனை அறுவடை செய்தது இணையம். நியூயார்க் நகரின் விற்பனை வரி 2009 முதல் 8.875 சதவீதம். 2,000 டாலர் கிதாருக்கு உள்ளூர்க் கடையில் 177.50 டாலர் கூடுதல். அந்த வரியை வாங்குபவர் தாமே அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம், செலுத்தியவர்கள் சொற்பம். கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு மாநிலத்தில் வாங்குவது அறிவுடைமை ஆகிப்போனது. கடைக்காரர் தம் வாடகையில் இணைய நிறுவனத்துக்குக் காட்சிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 2018 ஜூனில் ‘வேஃபேர்’ வழக்கில் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் பழைய விதியைக் கைவிட்டபோது, க்வில் தீர்ப்புக்குப் பிறகே கால் நூற்றாண்டு ஓடிப்போயிருந்தது. மேனிஸின் கதவு 2009லேயே சாத்தப்பட்டுவிட்டது.

இன்னொரு பக்கம் தயாரிப்பாளர்கள் கடைகளைக் காப்பதாகச் சொல்லி விலைக்கு வேலி போட்டார்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விளம்பரம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையால் கடையிலும் இணையத்திலும் ஒரே விலைதான் கண்ணில்பட்டது. இசைக்கருவி வணிகர் சங்கத்தின் கூட்டங்களில் இதைப் பற்றிப் போட்டியாளர்கள் கலந்துபேச வழிசெய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2009இல் அது உடன்பாட்டில் முடிந்தது. பிரிட்டனில் இணையத் தள்ளுபடிகளைத் தடுத்ததற்காக ஃபெண்டரின் ஐரோப்பியப் பிரிவுக்கு 2020 ஜனவரியில் 45 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. போட்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பல இடங்களில் போட்டி நடக்கவே இல்லை.

கடைகளை வீழ்த்தியதில் கடைகளின் பங்கும் உண்டு. கிதார் சென்டர் நிறுவனம் 1959இல் ஹாலிவுட்டில் வீட்டு உபயோக ஆர்கன் விற்கும் கடையாகத் தொடங்கியது. கிதாருக்கு மாறி நாடெங்கும் பரவியது. 1983இல் ஒரு தம்பதி தபால்வழி விற்பனைக்காகத் தொடங்கிய மியூசிஷியன்ஸ் ஃப்ரெண்ட் நிறுவனத்தை 1999இல் விழுங்கியது. 2007இல் பெய்ன் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் கிதார் சென்டரைச் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். கடனைச் சுமக்க வேண்டியது கடைகளே. 2020 பெருந்தொற்றில் வீட்டில் அடைபட்ட மக்கள் கிதார் வாங்கிக் குவித்தார்கள். ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய விற்பனையை அந்த ஆண்டு கண்டது. அதே ஆண்டு நவம்பரில் கிதார் சென்டர் சுமார் 130 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், டிசம்பரில் கடனைக் குறைத்துக்கொண்டு மீண்டது. தொற்றுக்காலத்தில் கதவுகள் மூடிக்கிடந்தது உண்மை. ஆனாலும் கிதார் அமோகமாக விற்ற ஆண்டில் மிகப் பெரிய கிதார்க்கடை நொடித்ததற்கு இணையத்தை மட்டும் காரணம் காட்டினால் வட்டிக்காரர் சிரிப்பார். மோதிரத்தை அடகுவைத்துத் தொடங்கிய சாம் ஆஷ், 2024இல், தன் நூறாவது வயதில், 40க்கும் மேற்பட்ட கடைகள் அனைத்தையும் மூடியது.

எல்லை தாண்டும் வணிகத்துக்கு மரமே தடைபோட்ட கதை ஒன்றும் உண்டு. அதில் நமக்கும் ஓர் ஓரத்தில் இடமிருக்கிறது. பிரேசில் ஈட்டி மரம் கிடைப்பது அரிதானதும், மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் தன் கிதார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் இந்திய ஈட்டியைப் பயன்படுத்தத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அந்த மரத்தைத் தமிழில் தோதகத்தி என்றும் சொல்வோம். அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் 2017 ஜனவரி முதல் இந்த மரத்தின் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்த மரம் கொண்டு செய்து வெளிநாட்டுக்கு விற்கும் ஒவ்வொரு கிதாருக்கும் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைக்கும்வரை, ஒரே சொடுக்கில் உலகச் சந்தை என்ற பேச்சு சற்று அடங்கித்தான் இருந்தது.

இந்தக் கதையின் பிற்பகுதியில் இரு தரப்பும் ஒன்றின் வேலையை மற்றொன்று கற்றுக்கொள்வதைப் பார்க்கிறோம். ஐரோப்பாவின் மிகப் பெரிய இணைய இசை அங்காடிகளில் ஒன்றான தோமன், 1954இல் பவேரியாவின் ட்ரெப்பெண்டோர்ஃப் என்ற சிற்றூரில் தொடங்கிய குடும்பக் கடை. 2013இல் ரிவர்ப் என்ற பழைய கருவிகளுக்கான இணையச் சந்தையைத் தொடங்கியவர் சிகாகோவின் புகழ்பெற்ற கிதார்க்கடை ஒன்றின் உரிமையாளர் டேவிட் கால்ட். இந்தியானா மாநிலத்தின் ஸ்வீட்வாட்டர், கிதார்களைத் தனித்தனியே சோதித்து, எண்ணோடும் எடையோடும் படமெடுத்துப் போடுகிறது. வாங்கியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும் ஒரு விற்பனையாளரை அமர்த்துகிறது. ஒவ்வொரு கிதாரும் தனி என்பதைச் சிகாகோ விலைப்பட்டியல்கள் மறைத்தன. அதை ஒப்புக்கொண்டு, தூரத்திலிருந்தே கடைக்காரர்போல் நடந்துகொள்ள இணையம் முயல்கிறது.

இருப்பினும் கதவைப் பற்றிய பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. புதிதாகக் கிதார் கற்கத் தொடங்குவோரில் பாதிப்பேர் பெண்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அவர்களில் பலர் இணையத்தில் வாங்குவதையே விரும்புகிறார்கள், கடைச் சூழல் அவர்களை மிரட்டுகிறது என்று அப்போதைய தலைவர் ஆண்டி மூனி காரணமும் சொன்னார். பண்ணைக் கடையின் கொடுமையும் இளம்பெண்ணொருத்தி எதிர்கொள்ளும் ஏளனப் பார்வையும் ஒரே தராசில் வைக்கத்தக்கவையல்ல. ஆனால் விளைவு ஒன்றுதான்: வாசலில் தயங்கியவர் படிவத்தை நிரப்புகிறார். அவர் கடையைக் கொல்லவில்லை. கடை அவரை ஒருபோதும் வாடிக்கையாளராகப் பெற்றதே இல்லை.

ஆகவே, ‘உள்ளூர்க் கடையை ஆதரியுங்கள்’ என்ற வேண்டுகோளை அப்படியே ஏற்பதற்குமுன் எந்தக் கடையை என்று கேட்பது நியாயம். பழுதை நீக்கித் தருகிற, புதிதாக வந்தவர் பிழையாக வாசிப்பதைப் பொறுத்துக்கொள்கிற, இந்தக் கிதார் உங்களுக்குச் சரிவராது என்று விற்பனையை இழந்தும் சொல்கிற கடைக்கு இணையம் ஈடாகாது. அப்படிப்பட்ட கடை மூடப்படும்போது ஓர் ஊர் தன் செவியை இழக்கிறது. அடுத்த ஃபெண்டரிடமும் அடுத்த மார்ஷலிடமும் போய்ப் புலம்ப இடமில்லாமல் போகிறது. பெட்டிகளை அடுக்கிவைத்து, இணையத்தில் இருக்கும் அதே விலையைச் சொல்லி, வாசித்துப் பார்க்க வந்தவரை முறைக்கும் கடைக்கு அந்த வேண்டுகோளில் பங்கில்லை. அந்த வேலையைத் தபால்காரர் ஏறத்தாழ 130 ஆண்டுகளாக, முறைக்காமல், செய்துவருகிறார்.